ஒரு ஷில்லிங் தாளில் திப்பு சுல்தான்: பழைய அரசியல் கேலி அச்சுப்படங்களைச் சேகரிப்போர் அறிய வேண்டியவை

வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது, துணியில் சுற்றிய ஒரு படச் சட்டத்தை நம்மிடம் கொண்டு வந்தார். இணைய ஏலத்தில் வாங்கியதாம். "திப்பு சுல்தான் காலத்து அசல் அச்சு ஹஜ்ரத், இங்கிலாந்திலேயே அடித்தது. புது வீட்டு ஹாலில் மாட்டலாமா?" என்று கேட்டார். நாம் சட்டத்தைக் கழற்றச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கோடுகளுக்குப் பதிலாக வரிசை வரிசையாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தன. இன்றைய அச்சகத்தில் அடித்த நகல் அது. அவர் கொடுத்ததோ அசலுக்கான விலை.

அந்தச் சகோதரரின் முகம் வாடியதைக் கண்டபோதுதான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. திப்பு சுல்தான், ஹைதர் அலி, கிழக்கிந்தியக் கம்பெனி ஆகியோர் தொடர்பான பழைய படங்களைத் தேடி வாங்கும் ஆர்வம் நம் குடும்பங்களில் பலருக்கு இருக்கிறது. ஆர்வம் நல்லது. ஆனால் வாங்கும் தாள் எது, அதை வரைந்தவர் யார் பக்கம் நின்றார் என்ற இரண்டையும் அறியாமல் வாங்கினால் பணமும் போகும், வரலாறும் தவறாகப் பதியும்.

கேலி அச்சு என்பது என்ன?

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் அரசியல் கேலிச்சித்திரங்கள் தனித்தனித் தாள்களாக விற்கப்பட்டன. பத்திரிகைக்குள் ஒரு மூலையில் வரும் கார்ட்டூன் அல்ல இவை. செப்புத் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் கீறிப் படம் வரைவார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரமான தாளை வைத்து உருளை அழுத்தியில் கொடுத்து எடுப்பார்கள். இதற்கு எச்சிங் என்று பெயர். வண்ணம் வேண்டுமானால் ஆட்களை அமர்த்தி, ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே நீர்வண்ணம் தீட்டுவார்கள். வண்ணமற்ற தாள் ஒரு ஷில்லிங், வண்ணமிட்டது இரண்டு ஷில்லிங் என்பது போன்ற விலைகள் வழக்கத்தில் இருந்தன. கூலித் தொழிலாளிக்கு அது எட்டாத விலைதான். என்றாலும் கடையின் கண்ணாடிச் சன்னலில் தாள்களை மாட்டி வைத்ததால், காசில்லாதவரும் தெருவில் நின்று பார்த்துச் சிரித்துப் போனார்.

இந்தக் கலையில் முதலிடம் ஜேம்ஸ் கில்ரேக்கு (1756–1815). ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணியின் கடைக்காகவே அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதி வரைந்தார். அந்தக் கடையின் மாடியிலேயே குடியும் இருந்தார். தாமஸ் ரௌலண்ட்சன், ஐசக் குரூக்‌ஷாங்க், அவருடைய மகன் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க், ஜேம்ஸ் சேயர்ஸ் ஆகியோரும் குறிப்பிடத்தக்கவர்கள். மன்னர், பிரதமர், தளபதி என்று யாரையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை.

1791: எதிரியின் கை எழுதிய சாட்சியம்

திப்புவைப் பற்றிய கேலி அச்சு என்றாலே அவரை இழிவுபடுத்துவதாகத்தான் இருக்கும் என்று நாம் நினைப்போம். ஆனால் நடந்தது வேறு.

1791 மே மாதம் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பெரும் படையுடன் சீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை வந்தார். உணவுத் தட்டுப்பாடு, வண்டி இழுக்கும் மாடுகளின் சாவு, முன்கூட்டியே பிடித்துக்கொண்ட மழை எல்லாம் சேர்ந்து அவரைத் திருப்பி அனுப்பின. கோட்டையைத் தகர்க்க இழுத்து வந்த கனரக பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். செய்தி லண்டனை எட்டியது. அந்த ஆண்டு டிசம்பர் 6 தேதியிட்டு ஹன்னா ஹம்ஃப்ரியின் கடையில் கில்ரேயின் அச்சு வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பருவமழை வருகிறது, அல்லது சீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கல்'. கோட்டை மேலிருந்து திப்பு சிறுநீர் கழிக்க, கார்ன்வாலிஸும் அவர் படையும் நனைந்து ஓடுகிறார்கள். 'பருவமழை' என்ற சொல்லின் குறும்பு இதுதான்.

நாகரிகமான படம் அல்ல இது. ஒரு முஸ்லிம் மன்னரை அப்படி வரைந்ததில் அவமதிப்பும் கலந்திருக்கிறது. எனினும் சிரிப்பின் முழுச் சுமையும் விழுவது கார்ன்வாலிஸ் மீதுதான். வெள்ளையர் படை தோற்று ஓடியது என்பதை வெள்ளையரே தம் தலைநகரின் கடைவீதியில் ஒப்புக்கொண்ட தாள் அது.

அடுத்த ஆண்டு நிலைமை மாறியது. 1792 மார்ச்சில் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு இளம் புதல்வர்கள் பிணையாக அனுப்பப்பட்டனர். திண்டுக்கல்லும், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் பகுதியும் கம்பெனியின் கைக்குப் போனது இந்த உடன்படிக்கையில்தான். நம் மாவட்டங்களின் வரலாறும் இதில் அடங்கியிருக்கிறது.

உடனே ராபர்ட் ஹோம், மேதர் பிரவுன் போன்ற ஓவியர்கள் பெரிய பெரிய எண்ணெய் ஓவியங்கள் தீட்டினார்கள். கார்ன்வாலிஸ் ஒரு தந்தையைப் போலக் கைநீட்டி அந்தச் சிறுவர்களை வரவேற்கும் காட்சி அது. பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் நாம் அதிகம் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான். பத்து மாதங்களுக்கு முன் அதே தளபதி பீரங்கிகளை அழித்துவிட்டுத் திரும்பியது அந்தப் பெரிய சட்டங்களுக்குள் எங்கும் இல்லை. பணக்காரச் சுவர் மறைத்ததை ஒரு மலிவுத் தாள் காத்து வைத்திருக்கிறது. கேலி அச்சுகளைச் சேகரிப்பதில் உண்மையான பயன் இதுவே.

1799 மே 4 அன்று திப்பு ஷஹீதான பிறகு இந்தச் சிரிப்பின் முகம் மாறுகிறது. அவ்வாண்டில் ரௌலண்ட்சன் வரைந்த அச்சு ஒன்றில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அரண்மனை அந்தப்புரத்தில் புகுந்து பெண்களைப் பிடிக்கிறார்கள். வெற்றி விழாக்கள் பேசாத கொடுமை ஒன்றை அது காட்டுகிறது என்று சொல்லலாம். ஆனால் வரைந்தவர் அந்தப் பெண்களின் மானத்தைப் பார்ப்போருக்கு வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார். இப்படிப்பட்டவை ஆய்வாளர் படித்து அறிய வேண்டியவை. குடும்பம் கூடும் வீட்டில் வைக்கத் தக்கவை அல்ல.

வரைந்தவர் யார் பக்கம்?

கேலி அச்சு ஒரு சாட்சியம் என்றோம். சாட்சியை ஏற்குமுன் சாட்சியின் நிலையை விசாரிப்பது நம் மரபு. இங்கும் அது தேவை.

வங்காளத்தில் ஆட்சி செய்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது அயோத்தி பேகம்களின் செல்வத்தைப் பறித்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1788 முதல் 1795 வரை நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்து, இறுதியில் அவர் விடுவிக்கப்பட்டார். 1786-இல் கில்ரே வரைந்த அச்சில் ஹேஸ்டிங்ஸ் 'இந்தியாவின் காவலர்'. ஒட்டகத்தில் வரும் அவரைப் பர்க், ஃபாக்ஸ், நார்த் ஆகிய அரசியல்வாதிகள் கொள்ளையரைப் போல் தாக்குகிறார்கள். 1788-இல் அதே கில்ரே வரைந்த இன்னோர் அச்சில், இந்தியர்களின் பிணங்கள் மிதக்கும் இரத்தக் கடலை ஹேஸ்டிங்ஸ் நீதித்துறைத் தலைவரின் தோளில் ஏறி, பண மூட்டைகளுடன் கடக்கிறார். இரண்டே ஆண்டுகளில் ஒரே கை இரண்டு பக்கமும் வரைந்திருக்கிறது. ஒன்றை மட்டும் வாங்கி மாட்டினால் பாதி உண்மைதான் சுவரில் இருக்கும்.

1783 டிசம்பரில் சேயர்ஸ் வரைந்த 'கார்லோ கான்' அச்சும் பாடம் தருவது. கம்பெனியின் அதிகாரத்தை அரசின் கண்காணிப்பில் கொண்டுவரச் சார்லஸ் ஃபாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். சேயர்ஸ் அவருக்குக் கீழை நாட்டு உடை உடுத்தி, 'கான்' என்று பெயரிட்டு, யானை மேல் ஏற்றிக் கம்பெனி அலுவலகத்துக்கு ஊர்வலம் விட்டார். யானைக்கு நார்த் பிரபுவின் முகம். அதே மாதம் பிரபுக்கள் சபை மசோதாவைத் தோற்கடித்தது. சேயர்ஸுக்குப் பின்னர் பிட் ஆட்சியில் அரசுப் பதவி கிடைத்தது. இங்கே 'கான்' என்ற பெயரே வசவாகப் பயன்பட்டதைக் கவனிக்க வேண்டும். கீழை நாட்டு ஆட்சி என்றால் கொடுங்கோல் என்ற எண்ணத்தை இந்தத் தாள்களும் சேர்ந்துதான் வளர்த்தன.

கில்ரேயும் விலக்கல்ல. 1797 முதல் சில ஆண்டுகள் பிட் அரசிடமிருந்து ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை பெற்றார். 1800-இல் நெப்போலியனின் வாழ்க்கையைப் பல கட்டங்களில் கேலி செய்து அவர் வரைந்த அச்சில், கெய்ரோவில் நெப்போலியன் ஆதாயத்துக்காக முஸ்லிமாக வேடமிடுவதாக ஒரு கட்டம் உண்டு. எகிப்திய மக்களை மயக்க நெப்போலியன் இஸ்லாத்தின் மீது மதிப்புள்ளவர் போல அறிக்கைகள் விட்டது உண்மைதான். ஆனால் அதை வரைந்த வேளையில் கில்ரேயின் பையில் இருந்தது நெப்போலியனை எதிர்த்த அரசின் பணம்.

நான்காம் ஜார்ஜ் மன்னரின் கதை இன்னும் சுவையானது. இளவரசராக இருந்த நாள் முதலே கடனுக்கும் ஊதாரித்தனத்துக்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் கேலி அச்சுகளில் அதிகம் அடிபட்டவர் அவர். 1820-இல் ஜார்ஜ் குரூக்‌ஷாங்குக்கு 100 பவுண்டு கொடுத்து, மன்னரை ஒழுக்கக் கேடான நிலையில் வரைவதில்லை என்று உறுதி வாங்கினார்கள். ஆனால் அதே ஜார்ஜ் கேலி அச்சுகளை ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தும் வைத்திருந்தார். அரச குடும்பத்திடம் இருந்த அந்தப் பெருந்தொகுப்பு 1921-இல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு விற்கப்பட்டது. தம்மைக் கேலி செய்த தாள்களை மன்னரே காப்பாற்றிக் கொடுத்த விந்தை இது. அடித்த தாள் பேசுவது போலவே, காசு கொடுத்து அடிக்க விடாமல் செய்த தாளின் இல்லாமையும் பேசுகிறது.

அசலா, மறு அச்சா, நகலா?

இனி வாங்கும் விஷயம். சந்தையில் மூன்று வகை உண்டு. அன்றே அடித்த அசல், பழைய தகட்டிலிருந்தே பிற்காலத்தில் அடித்த மறு அச்சு, புகைப்பட முறையில் எடுத்த நகல். மூன்றுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும். எச்சிங்கில் கோடு தொடர்ச்சியாக, மை சற்றே மேடாக இருக்கும். சீரான புள்ளிக் கூட்டம் தெரிந்தால் அது நவீன நகல்.

2. தகட்டுத் தடம். உருளையின் அழுத்தத்தால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். விரலால் தடவினால் தெரியும். ஆனால் பல அசல்கள் அந்த விளிம்பு வரை, சில சமயம் அதற்கு உள்ளேயும் வெட்டப்பட்டிருக்கும். அப்படி வெட்டியவற்றுக்கு மதிப்புக் குறைவு. நகலிலும் செயற்கையாகத் தடம் பதிக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

3. வெளியீட்டு வரி. 1735-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டப்படி பதிப்புரிமை கோர அச்சின் மீது தேதி பொறிக்க வேண்டும். அதனால் கீழே வெளியிட்டவர் பெயர், முகவரி, தேதி ஆகியவை இருக்கும். வெட்டியபோது இந்த வரி போயிருந்தால் விலையில் கழியுங்கள்.

4. தாளும் நீர்க்குறியும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே எழுத்து தெரியலாம். வாட்மன் என்ற தாள் உற்பத்தியாளரின் பெயரும், 1794-க்குப் பிறகு பல தாள்களில் ஆண்டும் இருக்கும். அச்சில் 1791 என்றும், நீர்க்குறியில் அதற்குப் பல ஆண்டுகள் பிந்திய ஆண்டும் இருந்தால் அது பின்னர் அடித்தது.

5. தாளின் மறுபக்கம். கில்ரேயின் செப்புத் தகடுகள் அவருக்குப் பின் கைமாறி, ஹென்றி போன் என்ற பதிப்பாளரிடம் சேர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் அவற்றிலிருந்தே பெரிய தொகுப்பு வெளியிட்டார். அந்தத் தாள்களில் பெரும்பாலும் இருபுறமும் படம் இருக்கும்; வண்ணம் இருக்காது; மூலையில் எண் இருக்கும். இவையும் உண்மையான தகட்டில் அடித்தவைதாம், சேகரிக்கத் தக்கவைதாம். ஆனால் முதல் அச்சின் விலை கொடுக்க வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குவோர்க்கு நாம் பரிந்துரைப்பதும் இவற்றையே.

6. வண்ணம். அன்று தீட்டிய வண்ணம் சற்று மங்கி, தாளோடு ஊறியிருக்கும். விற்பனைக்காகச் சமீபத்தில் தீட்டியது பளிச்சென்று மேலே நிற்கும்.

7. ஒப்பீடு. பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடமுள்ள அரசியல், தனிமனிதக் கேலி அச்சுகளுக்கு 11 தொகுதிகளில் அட்டவணை வெளியிட்டது. 17,000-க்கும் மேற்பட்ட அச்சுகள் எண்ணிட்டு விவரிக்கப்பட்டுள்ளன. பிற்பகுதித் தொகுதிகளை டாரத்தி ஜார்ஜ் என்ற அறிஞர் எழுதினார். இன்று அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். வாங்குமுன் அந்த எண்ணைக் கேளுங்கள். படத்தைக் கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்கள். எண் தெரியாத விற்பனையாளரிடம் அவசரப்பட வேண்டாம்.

இவற்றோடு ரசீதும் முக்கியம். 'அசல் அச்சு' என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். 'பழைய பாணி', 'விண்டேஜ்' போன்ற சொற்கள் எதற்கும் பொறுப்பேற்காதவை.

குறைந்த செலவில் தொடங்க விரும்புவோர்க்கு இன்னொரு வழி 'வேனிட்டி ஃபேர்' வார இதழின் வண்ணப் படங்கள். 1869 முதல் 1914 வரை வாரந்தோறும் ஒரு பிரமுகரை வண்ணக் கல்லச்சில் வெளியிட்டது அவ்விதழ். உதுமானிய சுல்தான் அப்துல் அஸீஸ், எகிப்தின் இஸ்மாயீல் பாஷா, ஈரானின் நாஸிருத்தீன் ஷா ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். பெருமளவில் அடிக்கப்பட்டதால் இன்றும் எளிதில் கிடைக்கின்றன.

பாதுகாப்பது எப்படி?

காயல்பட்டினம், நாகூர், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் தாளுக்கு முதல் பகை ஈரக்காற்று. ஈரத்தில் பழுப்புப் புள்ளிகள் பரவும், பூச்சியும் அரிக்கும். அமிலமற்ற அட்டைகளுக்கு இடையே வைத்து, பெட்டியில் கிடையாக வையுங்கள். சட்டமிட்டால் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. இடையில் அட்டை விளிம்பு வேண்டும். மழைச் சாரல் படும் வெளிச்சுவரிலும், வெயில் விழும் இடத்திலும் மாட்டாதீர்கள். செல்லோடேப் ஒட்டவே கூடாது. நம் ஊரில் நடக்கும் பெரும்பிழை, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்வது. அப்படிச் செய்த நிமிடமே அந்த அச்சின் சந்தை மதிப்பு போய்விடும், பிரித்தெடுக்கவும் முடியாது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களைத் தனிநபர் இந்தியாவிலிருந்து வெளியே ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. இங்கு கொண்டுவந்த பழைய அச்சை மீண்டும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல எண்ணுவோர், முன்னதாகத் தொல்லியல் துறையில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் அளவுகோல்

உருவப் படங்களை வீட்டில் மாட்டுவது குறித்து மார்க்க அறிஞர்களின் விளக்கங்கள் நீண்டவை. பேணுதலை விரும்புவோர் சுவரில் மாட்டாமல், ஏடுகளைப் போலக் கோப்பில் வைத்துப் படிக்கலாம். தாளுக்கும் அதுவே பாதுகாப்பு. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கேலி என்பதையே எடுத்துக்கொண்டால், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை ஏளனம் செய்யக் கூடாது என்று ஸூரத்துல் ஹுஜுராத் எச்சரிக்கிறது. அநியாயக்கார ஆட்சியாளனின் முன் நியாயத்தைச் சொல்வது உயர்ந்த ஜிஹாத் என்று நபிமொழியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அளவுகோல் கிடைத்துவிடும். ஒரு கேலி அச்சைக் கையில் எடுத்தால், இது அந்த மனிதரின் செயலைச் சுடுகிறதா, அல்லது அவருடைய நிறத்தையும் தலைப்பாகையையும் வீட்டுப் பெண்களையும் சுடுகிறதா என்று கேளுங்கள். இரத்தக் கடலில் ஹேஸ்டிங்ஸைக் காட்டிய தாள் முதல் வகை. ஃபாக்ஸுக்குக் 'கான்' என்று பெயர் சூட்டிச் சிரித்தது இரண்டாம் வகை. சீரங்கப்பட்டண அச்சிலோ இரண்டும் கலந்திருக்கின்றன. கலந்திருப்பதைக் கலந்திருப்பதாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் நேர்மை.

அந்தச் சகோதரர் தம் படத்தைத் தூக்கி எறியவில்லை. பின்பக்கத்தில் பேனாவால், 'இது நகல். அசல் 1791 டிசம்பர் 6, லண்டன். கார்ன்வாலிஸ் பின்வாங்கிய நிகழ்ச்சி' என்று எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டி அந்த மே மாதத்தின் கதையைச் சொல்கிறார். அவர் இழந்த பணம் திரும்பி வராது. அடுத்தவர் இழக்காமல் இருக்க இக்கட்டுரை உதவுமானால் அதுவே போதும். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.